மேசையில் கிடந்த வில்லுக்கத்தி

தம்பி,

நீ அரபு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. உன் முதல் கடிதம் அக்காவின் பெயருக்குத்தான் வந்தது. அவள் அதைக் கிளிவெட்டியிலிருந்து கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். வெயில், கொம்பனி தந்த அறை, ஆறு பேர் சமைக்க ஒரு குசினி என்று எல்லாம் எழுதியிருந்தாய். கடைசியில் "அப்பாவையும் சுகம் கேட்டதாகச் சொல்லவும்" என்று ஒரு வரி வாசித்தாள். அந்த வரி உண்மையாகவே கடிதத்தில் இருந்ததா, கிழவன் பாவம் என்று அவளாகச் சேர்த்தாளா, எனக்குத் தெரியாது. கடிதத்தை வாங்கிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டி அனுப்பப் போவதில்லை. எங்கள் அன்புவழிபுரத்து வாசிகசாலையில் ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்கள். செயலாளர் வீட்டுக்கு வந்து, "வெள்ளைக்காரன்ரை காலத்து டொக்யாட் கதையள் உங்களிட்டை நிறையக் கிடக்குமே ஐயா, ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். அவர் எதிர்பார்ப்பது கப்பல், கொடி, பாண்ட் வாத்தியம். நான் கொடுக்கப்போவது இது. அவர்கள் போடாவிட்டால் நானே நாலு பிரதி எழுதி வாசிகசாலை மேசையில் வைத்துவிடுவேன். உன்னைக் கள்ளன் என்றது நாற்பது பேருக்கு முன்னால். அதற்கான பதிலை உனக்கு மட்டும் இரகசியமாக எழுதினால் அது இன்னொரு கோழைத்தனம். ஏற்கெனவே செய்ததே எனக்குப் போதும்.

கத்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சுதந்திரம் கிடைத்த வருடம் நான் வெள்ளைக்காரக் கடற்படையின் டொக்யாட்டில் கயிற்றுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கயிற்றின் தலைப்பைப் பின்னுவது, இரண்டு வடத்தை ஒன்றாகக் கோர்ப்பது, நைந்ததை வெட்டி எறிவது, இதுதான் நாள் முழுக்க வேலை. மடக்கி இடுப்பில் வைக்க ஒரு வில்லுக்கத்தி இல்லாதவனை அங்கே ஒருவரும் மனிசனாக மதிப்பதில்லை. முதல் கத்தியை ஒரு மாலுமியிடம் இரண்டு செவ்விளநீர்க் குலை கொடுத்து மாற்றினேன். ஒரு பக்கம் தடித்த அலகு, மறுபக்கம் முடிச்சு அவிழ்க்கிற இரும்பு ஆணி. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் பிறகு விடவில்லை. மான்கொம்புப் பிடி போட்டது, கண்டிப் பக்கத்துப் பித்தளைப் பிடி, நகவெட்டி அளவில் ஒரு பேனாக்கத்தி, மூதூரில் சொல்லிச் செய்வித்த எருமைக்கொம்புக் கத்தி என்று அலுமாரியின் மேல் இழுப்பு லாச்சியில் முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. நாளுக்கு ஒன்றாகக் கொண்டு போவேன். சீப்பு, முகம் துடைக்கிற லேஞ்சி, கத்தி என்று மூன்றையும் தொட்டுப் பார்க்காமல் வீட்டுப் படலையைத் தாண்டமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாவற்றையும் பாயில் பரப்பி, கல்லில் தீட்டி, தேங்காயெண்ணெய் பூசுவேன். "பெத்ததுகளுக்கு ஒருநாள் எண்ணெய் வைச்சிருப்பியளே?" என்று உன் அம்மா கேட்பாள். அது பகிடி என்று நான் சிரித்தேன். அவள் சிரித்ததாக ஞாபகமில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது, உனக்கு நினைவிருக்கும். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, பகை வரும். உப்பு, மிளகாய்க்குச் சொல்வதுபோல எல்லா வீட்டிலும் சொல்வதுதான். கொடுப்பவன் கீழே வைக்க வேண்டும், வாங்குபவன் அங்கிருந்து எடுக்க வேண்டும். அதற்கு மேல் நானாக ஒரு சட்டம் வைத்திருந்தேன்: வைத்தவன் கைவிட்டான், எடுத்தவன் உடையவன். வெள்ளைக்காரக் கப்டன் எனக்குக் கத்தி தந்த கதையை ஒருநாள் சொல்லும்போது, நீ பத்து வயதில் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என்னை மடக்கினாய். "அப்ப அந்த வெள்ளைக்காரக் கப்டன் உங்களுக்குக் கத்தியைக் கையிலை தந்தவரோ, கீழை வைச்சவரோ?" என்றாய். நான் அசராமல், "அவனுக்கு எங்கடை வழக்கம் தெரியுமே? கையிலைதான் தந்தவன், குலுக்கித் தந்தவன்" என்றேன். "அப்ப அவரோடை பகை வந்திருக்குமே!" "வந்துதானே அவங்கள் எல்லாரும் கப்பலேறிப் போட்டாங்கள்." நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே நான் அந்தக் கதையை ஆயிரம் தடவை சொன்னேன்.

தம்பி, அப்படி ஒரு கப்டன் இருக்கவில்லை.

வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப்போன வருடம், சுதந்திரம் கிடைத்து ஒன்பது வருடம் கழித்து, சாமான் கிட்டங்கிகளை ஒழித்துக் காலியாக்கினார்கள். கொண்டுபோகப் பெறுமதியில்லாததை எல்லாம் பெட்டியில் அடுக்கி, ஆழ்கடலில் கொட்ட ஏற்றினார்கள். நாங்கள்தான் ஏற்றினோம். அதில் ஒரு பெட்டி நிறைய மாலுமிக் கத்தி, உறை பிரிக்காத புதுக் கத்தி, அலகின் அடியில் அரசாங்கச் சாமான் என்று அம்புக்குறி அடித்தது. கடலில் போகப்போகிற சாமான். ஆனாலும் எனக்கென்று ஒருவரும் தரவில்லை. பதினொன்றை எடுத்துச் சாப்பாட்டுக் கரியரின் அடித்தட்டில் போட்டு, மேலே மிச்சச் சோற்றைப் பரப்பி, கேற்றைத் தாண்டினேன். கூட வேலை செய்தவர்களும் ஆளுக்கொன்று எடுத்தார்கள்தான். அவர்கள் கேட்டவர்களுக்கு, "கடலிலை கொட்ட இருந்ததை எடுத்தனாங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அது போதவில்லை. அம்புக்குறியைப் பார்த்துக் கேட்கிற பிள்ளைக்கு, "என் வேலையைப் பார்த்து மெச்சிக் கப்டன் தந்தவர்" என்று சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைக்குக் கதை சொல்வது பிழையில்லை. உனக்கும் பிள்ளைகள் பிறக்கும், நீயும் சொல். ஆனால் அவன் அதை நம்பி ஊர் நடுவில் சொன்னால், பக்கத்தில் போய் நின்று ஓம் என்று சொல்லக்கூடிய கதையாகப் பார்த்துச் சொல்.

வெள்ளைக்காரன் போனபின் நான் தனியார் கொம்பனி ஒன்றில் கயிற்று வேலைக்கு ஃபோர்மனாகச் சேர்ந்தேன். நீ படித்து முடித்ததும் அதே கொம்பனியில், தேயிலைப் பெட்டி எண்ணுகிற கிளார்க் வேலை உனக்குக் கிடைத்தது. முதல்நாள் காலை நீ தலைவாரிக்கொண்டு நின்றாய். நான் லாச்சியைத் திறந்து, அம்புக்குறி அடித்ததில் ஆகத் திறமானதை எடுத்து மேசையில் வைத்தேன். அம்மா குசினி வாசலில் நின்று, "எழுத்து வேலைக்குப் போறவனுக்குப் பேனையைக் குடுங்கோ. கத்தி என்னத்துக்கு?" என்றாள். "கத்தியில்லாமல் துறைமுகத்துக்குப் போறவன் ஆம்பிளையே?" என்றேன். எருமைக்கொம்புக் கத்தியை வைத்திருக்கலாம். அது நான் செய்வித்தது, கேள்வி இல்லாதது. ஆனால் பெருமை அம்புக்குறியில்தானே இருந்தது. நீ அம்மாவை ஒருதரம் பார்த்தாய், என்னை ஒருதரம் பார்த்தாய், கத்தியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டாய். அன்றையிலிருந்து நீயும் படலையடியில் பையைத் தொட்டுப் பார்த்துத்தான் போனாய். என் பழக்கத்தில் உன்னிடம் ஒட்டியது அது ஒன்றுதான்.

நீ வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம் கொம்பனி எடுத்திருந்த பழைய கிட்டங்கியில் களவு போனது. கடற்படை விட்டுப்போன பெட்டிகள், அதே அம்புக்குறி அடித்த சாமானோடு, அங்கே அடுக்கியிருந்தன. இரண்டு பெட்டி உடைத்துக் கிடந்ததாம். அந்தக் கிழமை முழுக்க வேலை விட்டுப் போகிறவர்களைக் கேற்றில் மறித்துச் சோதித்தார்கள். நாலு மணிக்குச் சங்கு ஊதியது. நான் கயிற்றுக் கொட்டிலைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காவலாளி ஓடிவந்து, "ஃபோர்மன் ஐயா, உங்கடை மகனைக் கேற்றிலை மறிச்சிருக்கினம். கெதியா வாங்கோ" என்றான். நடந்து போக ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் நான் உன்னைப் பற்றி யோசித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. நான் யோசித்தது லாச்சியில் மிச்சம் கிடந்த பத்துக் கத்தியைப் பற்றி.

கேற்றடியில் மேசை போட்டுக் காவல் அதிகாரி இருந்தார். மேசையில் கத்தி கிடந்தது, அலகு விரித்து, அம்புக்குறி மேலே தெரிய. நீ பக்கத்தில் நின்றாய். உன்னைச் சுற்றிச் சங்கு ஊதி வெளிக்கிட்ட சனம். என்னைக் கண்டதும் உன் முகம் தெளிந்தது. அதைத்தான் தம்பி என்னால் மறக்க ஏலாமல் இருக்கிறது. அப்பா வந்துவிட்டார், இனிப் பயமில்லை என்ற முகம். "சேர், இவர்தான் அப்பா. இவரைக் கேளுங்கோ" என்றாய்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "உம்மடை மகன் சொல்லுறார், இது களவுபோன சாமான் இல்லையாம். வெள்ளைக்காரக் கப்டன் ஒருத்தர் உமக்குத் தந்ததாம். வீட்டிலை இன்னும் இருக்காம். மெய்யோ?"

நான் மேசையில் கிடந்த கத்தியைப் பார்த்தேன்.

"உம்முடையது எண்டால் எடும். எடுத்துக்கொண்டு மகனையும் கூட்டிக்கொண்டு போம். ஆனால் ஒருக்கா வீட்டை வந்து மற்றதுகளையும் பார்ப்பம்."

மேசைக்கும் எனக்கும் ஒரு முழத் தூரம். வைத்தவன் கைவிட்டான், எடுத்தவன் உடையவன். அந்தச் சட்டம் போட்டவன் நான். கையை நீட்டினால் முடிந்தது. வீட்டுக்கு வருவார்கள், பத்தைக் காண்பார்கள், இருபது வருடத்துக்கு முந்திய கதை வெளியில் வரும், ஃபோர்மனுடைய கை சுத்தமில்லை என்று நாலு பேர் கதைப்பார்கள். அவ்வளவுதான். மிஞ்சிப் போனால் வேலை போயிருக்கும். நான் கையை நீட்டவில்லை. "எனக்குத் தெரியாது சேர்," என்றேன். "இதை நான் ஒருநாளும் கண்டதில்லை."

நீ "அப்பா" என்றாய். சத்தமாகக்கூட இல்லை. அதற்குமேல் நீ ஒன்றும் சொல்லவில்லை. அலுமாரியைச் சொல்லியிருக்கலாம், லாச்சியைச் சொல்லியிருக்கலாம், வந்து பாருங்கள் என்று கூட்டிவந்து காட்டியிருக்கலாம். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.

அப்போது சனத்துக்குள் இருந்து மீராசா வந்தார். நீ எண்ணிவிடுகிற பெட்டிகளைத் தோணியில் இறக்குகிற கிண்ணியா மீராசா. நீயும் அவரும் வேலையில் பழக்கம், அவ்வளவுதான். சொந்தமில்லை, ஊரில்லை, எனக்கு அவரோடு ஒரு நாள்கூடக் கதை இல்லை. வந்தவர் நேரே மேசைக்குப் போய்க் கத்தியை எடுத்தார். "இது என்ரை கத்தி சேர். நான்தான் தம்பிக்கு இரவல் குடுத்தனான். என்னைப் பிடியுங்கோ" என்றார். அதிகாரி, "நீர் எப்ப கிட்டங்கிப் பக்கம் போனீர்? பொய் சொல்லாதையும்" என்று கத்தியைப் பறித்துக்கொண்டு அவரைத் தள்ளிவிட்டார். போகிறபோது மீராசா என்னைக் கடந்துதான் போனார். ஏசவில்லை. "என்ன மனிசனப்பா நீங்கள்" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகுட்டிக்காரர், நாட்கூலி. வேலை போனால் அவருக்கு நாளைக்குச் சோறில்லை. என் மகனுக்காகப் பொய் சொல்ல அவருக்கு முடிந்தது. எனக்கு உண்மை சொல்ல ஏலாமல் போனது.

பொலிசுக்குப் போகாமல் விட்டது என் முகத்துக்காகத்தானாம், அதிகாரி பிறகு சொன்னார். உன்னை வேலையால் நிறுத்தினார்கள். அடுத்த நாளிலிருந்து துறைமுகத்தில் எந்தக் கேற்றிலும் உனக்கு வழியில்லை. அன்று வீட்டுக்கு வந்த பிறகு நான் உனக்குச் சொன்னது நினைவிருக்கிறதா? "அக்காவுக்கு இப்பதான் கிளிவெட்டியிலை பேசி முடிச்சிருக்கு. தகப்பன் கள்ளன் எண்டால் கலியாணம் குழம்பிப் போடும். நீ ஆம்பிளைப் பிள்ளை, சமாளிப்பாய்." நீ தலையை ஆட்டினாய். தம்பி, அதுவும் பொய். அந்த மேசைக்கு முன்னால் உன் அக்காவின் நினைவே எனக்கு வரவில்லை. வரும் வழியில் யோசித்துப் பிடித்த நியாயம் அது. தகப்பன் கள்ளன் என்றால் குழம்புகிற கலியாணம் தம்பி கள்ளன் என்றால் குழம்பாதா? நீ அதைக் கேட்டிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிசர், ஒன்றும் கேட்கவில்லை. உன் அக்கா நாலு வருடமாகத் தன்னால்தான் தம்பிக்கு இந்தக் கதி என்று அழுதுகொண்டிருக்கிறாள். மகளே, இதை நீ வாசிப்பாய். உன்னால் இல்லை.

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லவும் தேவையிருக்கவில்லை. அன்று லாச்சியைத் திறந்து பார்த்தாள், எண்ணினாள், மூடினாள். "பெத்த பிள்ளையிலும் பேனாக்கத்தி பெரிசாப் போச்சு" என்றாள். பிறகு அவள் சாகும்வரை நான் வெட்டிக் கொடுத்த ஒரு மாங்காய்த் துண்டைக்கூட வாயில் வைக்கவில்லை. நீயும் ஏசவில்லை. ஈச்சிலம்பற்றுக்குப் போய் மாமாவின் வயலில் நின்றாய், நெல்லுச் சூடு அடித்தாய், மூட்டை சுமந்தாய். மாதத்துக்கொரு தடவை வீட்டுக்கு வந்தால் என்னோடு மழையைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் கதைத்தாய். மரியாதையாகத்தான் கதைத்தாய். ஊர்ப் பெரியவரோடு கதைப்பது மாதிரி. பெண் பார்த்த இரண்டு இடத்திலும் கேற்றடிக் கதையைச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் பொய் சொல்வதற்குத்தான் கஷ்டம். பிறகு அது தன்பாட்டில் இருக்கும், சோறு கேட்காது.

போன மாதம் நீ போகிற அன்று ஸ்டேசனில், ரயில் வர முன்னம், நீ இருந்த மரவாங்கில் உன் பக்கத்தில் அந்த எருமைக்கொம்புக் கத்தியை வைத்தேன். என் வாயால் கேட்க முடியாத மன்னிப்பை அந்தக் கத்தி கேட்கும் என்று நினைத்தேன் போலும். நீ அதைப் பார்த்தாய். எடுக்கவில்லை. பிறகு, "அங்கை இது ஆற்றை கத்தி எண்டு மறிச்சுக் கேட்டால், நான் ஆரைக் கூப்பிடுறது அப்பா?" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே தெரியாமல் கேட்பதுபோலக் கேட்டாய். ரயில் வந்தது, நீ ஏறினாய். வாங்கில் கிடந்த கத்தியை நானே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மிச்சப் பத்தையும் லேஞ்சியில் கட்டிக்கொண்டு, நான் வேலையிலிருந்து இளைப்பாறிவிட்ட கொம்பனிக்குப் போனேன். பழைய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் இளம் ஆள், கதிரை தந்து இருக்கச் சொன்னார். மூட்டையை மேசையில் அவிழ்த்து வைத்து எல்லாம் சொன்னேன். கரியர், கடலில் கொட்டப் போன பெட்டி, மகன், எல்லாம். என்னைப் பிடியுங்கள், மகனுடைய பெயரைத் துடையுங்கள் என்றேன். அவர் இரக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, அந்தக் கிட்டங்கிச் சாமானெல்லாம் பழைய இரும்புக்கு ஏத்தி ரெண்டு வருசமாச்சு. உங்கடை மகன்ரை பேர் எண்டு ஒண்டும் எங்கடை கொப்பியிலை இல்லை. இல்லாத பேரை நான் எப்பிடித் துடைக்கிறது?" என்றார். அவருடைய கிளார்க் பக்கத்து மேசையில் ஒரு பார்சலின் சணலை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது கேற்றில் உன்னிடம் பறித்த அந்தக் கத்திதான். பிடி கறுத்து, முனை ஒடிந்திருந்தது. அதிகாரி அதை வாங்கி என் முன்னால் வைத்தார். "இதுவும் உங்கடையெண்டால் எடுத்துக்கொண்டு போங்கோ ஐயா. இஞ்சை ஒருத்தருக்கும் தேவையில்லை."

இந்தத் தடவை எடுத்தேன். நாலு வருடம் பிந்தி, ஒருவரும் மறிக்காத இடத்தில், சுற்றி நின்று பார்க்கச் சனம் இல்லாமல் எடுத்தேன். எடுத்து என்ன? உன்னை விற்று நான் காப்பாற்றியது ஒருவருக்கும் தேவைப்படாத பழைய இரும்பு என்று தெரிந்துகொண்டு வந்தேன். இப்போது பையில் கத்தி வைப்பதில்லை. சீப்பும் லேஞ்சியும் மட்டும்தான். உனக்கு அக்கா அனுப்புகிற மிளகாய்த்தூள் பார்சலுக்கு நான்தான் சணல் கட்டினேன், மிஞ்சியதைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

கொம்பனிக் கொப்பியில் இல்லாத பெயர் சனத்தின் வாயில் இருக்கிறது. அதைத் துடைக்க வேறு வழி தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன். கேற்றடியில் நின்ற நாற்பது பேரில் எத்தனை பேர் இந்த மலரை வாசிப்பார்களோ தெரியாது. வாசிப்பவர்கள் வாசிக்காதவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தக் கத்தி என்னுடையது. டொக்யாட்டிலிருந்து களவெடுத்தவன் நான். என் மகன் ஒரு ஊசியைக்கூட எடுக்கவில்லை.

தம்பி, ஸ்டேசனில் நீ கேட்டதற்கு ஒரு மாதமாக மறுமொழி தேடுகிறேன். அங்கே உன்னை மறித்து ஏதும் கேட்டால், மீராசாவைக் கூப்பிடு என்று எழுதத்தான் கை வருகிறது. கூப்பிட்டால் அவர் கிண்ணியாவிலிருந்து நடந்தாவது வருவார். அவரையே கூப்பிடு. ஆனால் ஒருக்கால், ஒரேயொருக்கால், என்னையும் கூப்பிட்டுப் பார்.

அப்பா